ஒரு வருடச் சந்தாவும் மூன்று சனிக்கிழமைகளும்

சேலம் ஐந்து ரோட்டில் ஒரு நகைக்கடைக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில் மூன்று சனிக்கிழமை மாலை உட்கார்ந்து, கடைக்குள் போகிறவர்களை எண்ணினேன். நான்கு மணியிலிருந்து எட்டு மணி வரை. ஒரு ஆளுக்கு ஒரு கோடு, ஐந்தாவது ஆளுக்குக் குறுக்குக் கோடு. நான் டீ குடிக்கிற நேரத்தில் என் அக்கா பையன் எண்ணுவான். முதல் வாரம் 188 பேர், இரண்டாம் வாரம் 203, மூன்றாம் வாரம் 171.

அந்தக் கடை, பங்குச்சந்தையில் இருக்கும் ஒரு நகை நிறுவனத்தின் கிளை. வருடத்துக்கு 96,000 ரூபாய் கட்டி நான் வாங்கியிருந்த, போன் இருப்பிடத்தை வைத்து ஆள் எண்ணும் தரவுச் சேவை, அதே கடைக்கு அதே மூன்று மாலைகளில் 640, 655, 1,010 பேர் வந்ததாகச் சொன்னது. எண் பெரிதாக இருப்பதில் எனக்குக் குறையில்லை. எப்போதும் மூன்று மடங்கு காட்டுகிற தராசு என்றால் மூன்றால் வகுத்துக்கொண்டு போகலாம். ஆனால் கடைக்குள் கூட்டம் குறைந்த வாரத்தில்தான் இது கூட்டம் எகிறியதாகச் சொல்லியிருக்கிறது.

காரணத்தைக் கண்டுபிடித்தது அக்கா பையன்தான். மூன்றாம் சனிக்கிழமை நல்ல மழை. சிக்னலில் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. கடை வாசலை ஒட்டி ஒரு டவுன் பஸ் கால் மணி நேரம் நகரவில்லை. "சித்தி, அந்த பஸ்ல அறுபது போன் இருக்கும். கடைக்குள்ள வந்தாங்கன்னுதானே அது நினைச்சுக்கும்?" என்றான். அப்படியேதான் நினைத்துக்கொண்டிருக்கிறது. சேவையின் விளக்கக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருக்கும் போனை 'வருகை' என்று கணக்கு வைக்கிறார்கள். நடந்து கடந்துபோகிறவர்களை விலக்க அது நல்ல விதி. நெரிசலில் நிற்கும் பஸ்ஸை விலக்க அது உதவாது. தலைக்கு மேலே ஈரடுக்கு மேம்பாலம் வேறு. பாலத்தின் மேல் தளத்தில் நிற்கிற காரும் கீழே கடை வாசலில் நிற்கிற ஆளும் ஜிபிஎஸ்ஸுக்கு ஒன்றுதான்.

நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் பதினோரு வருடம் புள்ளியியல் நடத்தினேன். இப்போது வீட்டிலிருந்தபடி என் சொந்தப் பணத்தை மட்டும் குவான்ட் முறையில் முதலீடு செய்கிறேன். அதாவது, எந்த எண் எப்படி மாறினால் எதை வாங்குவது, எதை விற்பது என்று முன்கூட்டியே விதி எழுதிவைத்து, பழைய தரவில் சோதித்துப் பார்த்து, அந்த விதியின்படி மட்டும் நடப்பது. விலை, லாபம், கடன் போன்ற வழக்கமான எண்கள் எல்லோர் கையிலும் இருக்கின்றன. அதனால்தான் 'மாற்றுத் தரவு' என்ற ஒன்றைத் தேடுகிறார்கள். செயற்கைக்கோள் படம், போன் இருப்பிடம், கார்டு செலவு, வேலை விளம்பர எண்ணிக்கை இப்படி. கம்பெனி காலாண்டு முடிவைச் சொல்வதற்கு முன்பே விற்பனையை மோப்பம் பிடிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் அமெரிக்காவின் வால்மார்ட். 2010இல் யுபிஎஸ் நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், கடைகளின் பார்க்கிங்கில் நிற்கும் கார்களைச் செயற்கைக்கோள் படத்தில் எண்ணவைத்து விற்பனையைக் கணித்தார். 2016இல் ஃபோர்ஸ்கொயர், தன் செயலியின் வருகைப் பதிவை வைத்து, சிப்போட்லே உணவகத்தின் முதல் காலாண்டு விற்பனை ஏறக்குறைய 30 சதவீதம் விழும் என்று முன்கூட்டியே சொன்னது. ஏற்கெனவே இயங்கிவந்த கடைகளில் விற்பனை வீழ்ச்சி என்று கம்பெனி பிறகு அறிவித்தது 29.7 சதவீதம். இந்த இரண்டையும் படித்துவிட்டுத்தான் நானும் சந்தா கட்டினேன். ஆனால் அங்கே கடை என்றால் தனியாக நிற்கும் கட்டடம், முன்னால் பெரிய பார்க்கிங். காரில் வந்தவர் கடைக்குத்தான் வந்தார். நம் ஊரில் இருபதடி அகலத்தில் ஐந்து மாடி ஜவுளிக்கடை. இந்தப் பக்கம் மெடிக்கல், அந்தப் பக்கம் பேக்கரி, வாசலில் பஸ் ஸ்டாப். ஓமலூரிலிருந்தும் வாழப்பாடியிலிருந்தும் குடும்பத்தோடு பஸ்ஸில் வந்து கல்யாணப் புடவை எடுக்கிறார்கள். பார்க்கிங்கை எண்ணி என்ன தெரியும்?

ஆடி மாதத்தில் இன்னொன்று பார்த்தேன். கோட்டை மாரியம்மன் கோயில் பண்டிகை சமயம், கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களின் கடைகளுக்கெல்லாம் வருடத்திலேயே அதிக 'வருகை' அந்த வாரங்களில்தான் என்று கோப்பு காட்டியது. நகைக்கடைக்காரர்களுக்கு ஆடி எப்படிப்பட்ட மாதம் என்று நம் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

சேவையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. சரியாகச் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். கோப்பு தினமும் காலை ஏழு மணிக்குள் வந்துவிடும், ஒரு நாள்கூடத் தவறவில்லை. எந்த பிராண்ட் எந்த நிறுவனத்துடையது, அதன் பங்கின் அடையாள எண்ணான ஐஎஸ்ஐஎன் என்ன என்ற பொருத்தத்தை மிகச் சுத்தமாக வைத்திருந்தார்கள். அந்த வேலையைத் தனியாளாகச் செய்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பைத்தான் நிரலில் தரவை இழுத்துக்கொள்ள எளிமையான வழி (ஏபிஐ), படித்தால் புரிகிற விளக்கக் குறிப்பு. கேள்வி கேட்டால் இரண்டு நாளில் மரியாதையாகப் பதில் வரும்.

என் பெரிய மனக்குறை இந்தக் கடைவருகைத் தரவின் துல்லியம்கூட இல்லை. அது வேறு.

ஜனவரியில் சந்தா கட்டியதும் இரண்டு வருடப் பழைய தரவைக் கொடுத்தார்கள். வாரக் கணக்கில் 104 வரிசை. அதை இறக்கித் தேதி போட்டுத் தனியே வைத்தேன். கல்லூரியில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம்தான்: மூலக் கோப்பைத் தொடாதே, நகலில் வேலை செய். ஜூனில் கணினி மாற்றும்போது மறுபடி ஒருமுறை முழுத் தரவையும் இறக்கினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதே 104 வாரங்களில் 61 வாரத்தின் எண்கள் மாறியிருந்தன. முடிந்துபோன வாரங்கள். யாரும் திரும்பப் போய் எண்ண முடியாத வாரங்கள்.

கேட்டேன். "எங்கள் மாடலை மேம்படுத்தியிருக்கிறோம், புதிய எண்கள் இன்னும் துல்லியமானவை" என்று பதில் வந்தது. துல்லியம்தான். புதிய எண்கள் கம்பெனிகள் அறிவித்த விற்பனையோடு முன்பைவிட நன்றாகப் பொருந்தின. எனக்கு வயிற்றைக் கலக்கியது அதுதான். விற்பனை என்னவென்று வெளியான பிறகு, அதோடு ஒத்துப்போகும்படி மாடலைத் திருத்தி, திருத்திய மாடலைப் பழைய வாரங்களின் மேல் ஓட்டினால் பொருந்தத்தானே செய்யும்? விடைத்தாளைப் பார்த்து எழுதிய பரீட்சை அது. அந்த எண்களில் பேக்டெஸ்ட் (பழைய தரவில் விதியைச் சோதிப்பது) ஓட்டினால் வரும் லாபம், அந்த நாளில் அந்த எண் கையில் இருந்த யாருக்கும் கிடைத்திருக்காது. நானே ஓட்டிப் பார்த்தேன். என் எளிய விதி, ஜூன் கோப்பில் சந்தையைவிட வருடம் 9 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தது. ஜனவரிக் கோப்பில் 4. ஜனவரியிலிருந்து நாள்தோறும் வந்த கோப்பை வந்தபடியே சேமித்துவைத்திருந்தேனே, அதில் ஓட்டினால் செலவு போக ஒன்றும் மிஞ்சவில்லை.

மாடலைத் திருத்துவது தவறே இல்லை. எந்த அளவீடும் திருத்தப்படும், அரசின் ஜிடிபி எண்கூட. ஆனால் 'அந்தத் தேதியில் நாங்கள் கொடுத்த எண் இது, பிறகு திருத்தியது இது' என்று இரண்டு பத்தியாக (நெடுவரிசையாக) கொடுக்க வேண்டும். இந்தத் தொழிலில் அதற்கு 'பாயின்ட் இன் டைம்' என்று பெயர். காசு வாங்கிக்கொண்டு தரவு விற்கிறவர் முதலில் தரவேண்டியது அதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மாதிரி கேட்டு வாங்கும் யாராவது இதைப் படித்தால், இன்று இறக்கிய கோப்பைப் பத்திரப்படுத்தி மூன்று மாதம் கழித்து அதே தேதிகளுக்கு மறுபடி இறக்கிப் பாருங்கள். நான் சொன்ன மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

சந்தாவில் இன்னும் மூன்று தொகுப்புகள் இருந்தன. வேலை விளம்பர எண்ணிக்கையை நான் ஒரு மாதத்துக்கு மேல் பார்க்கவில்லை. ஒரே வேலையை நான்கு ஏஜென்சிகள் போட்டால் நான்கு வேலையாக எண்ணுகிறது. டிஜிட்டல் செலவுத் தரவில் வேறு சிக்கல். லீ பஜாரில் என் மாமா வைத்திருக்கும் மளிகை மொத்தக் கடையில், 2019இல் கல்லாவில் ரொக்கம் தவிர வேறெதுவும் கிடையாது. இன்று பாதிக்கு மேல் யுபிஐ. கடையின் வியாபாரம் அதே அளவுதான், ஆனால் டிஜிட்டல் பதிவை மட்டும் பார்க்கிறவருக்கு அது பல மடங்கு வளர்ந்த கடை. பெருநகரத்துக்கு இந்த மாற்றம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. நம்மைப்போன்ற ஊர்களில் இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது. சிறு நகரங்களில் விற்பனை பிய்த்துக்கொண்டு போகிறது என்று அந்த எண்ணை வைத்துச் சொல்லும் எதையும் நான் நம்ப மாட்டேன்.

நான்காவது செயற்கைக்கோள் தரவு. அதில் 'காப்பித் தோட்ட ஆரோக்கியக் குறியீடு' என்று ஒன்று இருந்தது. காப்பி விலை 2024, 2025இல் உலகம் முழுக்க ஏறியது. 2025 பிப்ரவரியில் நியூயார்க்கில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியது. அந்த ஏற்றத்தை முன்கூட்டியே பார்க்க ஒரு வழி என்றால் யாருக்கும் ஆசை வரும். குறியீட்டைச் சோதிக்க எனக்குப் பிரேசில் போக வழியில்லை. ஏற்காடு இருக்கிறது. சேர்வராயன் மலையின் விளைச்சல் உலக விலையை அசைக்காது, இந்தியக் காப்பியில் பெரும்பங்கே கர்நாடகத்தில்தான். ஆனால் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு தோட்டம் போதும்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டுக்குப் போனேன். என் பழைய மாணவியின் குடும்பத்துக்குத் தெரிந்த இடம். எஸ்டேட் ரைட்டர் (கணக்கெழுதுபவர்) அண்ணா கூடவே வந்து சுற்றிக்காட்டினார். குறியீடு இந்தத் தோட்டத்தில் மே கடைசியில் சட்டென்று விழுந்திருந்தது. நோயா, வறட்சியா என்று கேட்டேன். அவர் மேலே கையைக் காட்டினார்.

"மேல இருந்து படம் எடுத்தா சில்வர் ஓக் மரந்தான் தெரியுங்க மேடம். காப்பி அதுக்குக் கீழல்ல இருக்குது? மழைக்கு முன்னாடி நிழல் மரத்தையெல்லாம் கவாத்து பண்ணுனோம். கிளையை வெட்டுனா பச்சை கொறையத்தான செய்யும்."

கவாத்து செய்ததால் வெளிச்சம் வந்து காப்பிச் செடி அந்த வருடம் நன்றாகவே இருந்தது. குறியீடு விழுந்த நேரம்தான் செடிக்கு நல்ல நேரம். ஓக் மரத்தில் மிளகுக்கொடி வேறு ஏறியிருக்கிறது, அந்தப் பச்சையும் சேர்ந்துதான் படத்தில் விழும். பிரேசிலில் பெரும்பாலும் வெயிலில், நிழல் மரமில்லாமல் வரிசையாக நடுகிறார்கள். அங்கே இந்தக் குறியீடு பலிக்கலாம். அதே சூத்திரத்தை நிழல் தோட்டத்தின் மேல் போர்த்தியிருப்பதுதான் பிழை. வருடம் முழுக்கப் பார்த்தால் மேகம் இன்னொரு தொல்லை. வடகிழக்குப் பருவத்தில் மலைமேல் மேகமில்லாத படம் வாரக்கணக்கில் கிடைக்காது. அந்த இடைவெளியை முந்தின படத்தையும் பிந்தின படத்தையும் வைத்து ஒட்டுப்போட்டுக் கொடுக்கிறார்கள். ஒட்டுப்போட்டது எந்த நாள் என்று கோப்பில் குறி இல்லை.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தப் படங்களின் மூலம் ஐரோப்பியத் திட்டமான கோப்பர்னிகஸின் சென்டினல்-2. பத்து மீட்டர் துல்லியம், ஐந்து நாளுக்கு ஒருமுறை, யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ரைட்டர் அண்ணாவோடு நடந்துவிட்டு வந்த பிறகு நானே இறக்கிப் பார்த்தேன். மேகம் மூடிய நாள் எது என்று மூலப் படத்தோடு வரும் தரக்குறிப்பிலேயே தெளிவாக இருக்கிறது.

சரி, 96,000 போனதில் எனக்குக் கிடைத்தது என்ன? எந்தத் தரவை நேரில் போய்ச் சரிபார்க்க முடியுமோ அதை மட்டும் தேடும் பழக்கம் கிடைத்தது. அந்தத் தேடலில் கிடைத்த மிக நல்ல தரவு, என் வீட்டுச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டர்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. முகூர்த்த நாட்களைச் சொல்கிறேன். ஒரு தரவுக்கு நான் கேட்கும் எல்லாத் தகுதியும் பஞ்சாங்கத்துக்கு இருக்கிறது. ஒரு வருடம் முன்பே அச்சாகிவிடுகிறது, பிறகு யாரும் திருத்துவதில்லை. ஐம்பது வருடப் பழைய பஞ்சாங்கமும் கிடைக்கும். நடத்தையோடு நேரடித் தொடர்பு உண்டு. முகூர்த்தம் இருந்தால் கல்யாணம், கல்யாணம் இருந்தால் நகை, பட்டு, பாத்திரம், கட்டில், பைக். அரசே அதைக் கணக்கில் எடுக்கிறது. முகூர்த்த நாட்களில் ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு 100 டோக்கனுக்குப் பதில் 150 என்று பத்திரப்பதிவுத் துறை கூட்டிக்கொடுக்கிறது.

செய்த முறையைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பத்து வருடக் காலண்டர்களைச் சேகரித்தேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு அச்சகத்தார் பழைய மாதிரிப் பிரதிகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ள விட்டார். ஒவ்வொரு காலாண்டிலும் வளர்பிறை முகூர்த்தம் எத்தனை, தேய்பிறை முகூர்த்தம் எத்தனை என்று தனித்தனியே எண்ணினேன். வளர்பிறைக்கு முழு மதிப்பெண், தேய்பிறைக்குப் பாதி. ஞாயிற்றுக்கிழமை விழும் முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் மண்டபம் அன்றைக்குத்தான் முதலில் நிரம்பும். நகை வாங்குவது கல்யாணத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே நடக்கும் என்பதால் எண்ணை முன்னால் தள்ளிவைத்தேன்.

இங்கேதான் தமிழ்நாட்டுக்கும் வடக்குக்கும் உள்ள வித்தியாசம் பயன்படுகிறது. நமக்குச் சூரியக் கணக்கு. ஆடியும் மார்கழியும் வருடாவருடம் அதே ஜூலை, அதே டிசம்பர். வடக்கே சந்திரக் கணக்கு, இரண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை 'அதிக மாதம்' என்று கூடுதலாக ஒரு மாதம் புகுந்துவிடும், அந்த மாதத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். 2023இல் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை அப்படி வந்தது. 2024 மே, ஜூனில் சுக்கிர அஸ்தமனம் என்று வடக்கத்திப் பஞ்சாங்கங்களில் முகூர்த்தமே அநேகமாக இல்லை. ஆக, தமிழ்நாட்டில் மட்டும் கடை வைத்திருக்கும் தங்கமயில் போன்ற நிறுவனத்துக்கும் நாடு முழுக்கக் கடையுள்ள நிறுவனத்துக்கும் ஒரே காலண்டரைப் போட்டால் தப்பு. இரண்டையும் தனியாக எண்ணி, கடைகள் எந்த மாநிலத்தில் எத்தனை என்ற விகிதத்தில் கலக்க வேண்டும். கடை எண்ணிக்கை ஆண்டறிக்கையிலேயே இருக்கிறது.

பண்டிகை நகர்வதும் இதில் சேரும். விஜயதசமி 2023இல் அக்டோபர் 24, 2024இல் அக்டோபர் 12, 2025இல் அக்டோபர் 2. முதல் இரண்டிலும் நவராத்திரி முழுக்க அக்டோபரில் விழுந்தது. 2025இல் செப்டம்பர் 22க்கே தொடங்கிவிட்டதால் வாங்குதலில் ஒரு பகுதி முந்தின காலாண்டுக்குப் போய்விட்டது. போன வருடத்தின் இதே காலாண்டோடு ஒப்பிட்டு 'வளர்ச்சி' என்று பேசுகிறவர்கள் இதைக் கழிக்காமல் பேசக்கூடாது.

குறைகளும் உண்டு. பத்து வருடம் என்றால் நாற்பது காலாண்டுதான். நாற்பது புள்ளியில் எந்தக் கோடும் அழகாகப் பொருந்துவதுபோல் தெரியும். அதனால் விதியில் ஒரே ஒரு எண்ணைத்தான் அனுமதித்தேன், மதிப்பெண்ணை நன்றாகப் பொருந்தும்வரை மாற்றி மாற்றிப் பார்க்கவில்லை. அப்புறம், பெரிய சம்பவம் ஒன்று வந்தால் காலண்டர் அடிபட்டுப்போகும். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் தங்க இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தார்கள். அந்தக் காலாண்டில் கடைகளில் கூடிய கூட்டத்துக்கு முகூர்த்தம் காரணமே இல்லை. பெரிய நகை நிறுவனங்கள் காலாண்டு முடிந்த முதல் வாரத்திலேயே வியாபார நிலவரத்தைச் சந்தைக்குச் சொல்லிவிடுகின்றன, அதனால் நமக்குக் கிடைக்கும் அவகாசம் அதற்கு முன்பு மட்டும்தான். இத்தனைக்குப் பிறகும், நான் இப்போது உண்மையான பணம் போட்டிருக்கும் இரண்டு விதிகளில் ஒன்று இந்த முகூர்த்தக் கணக்கு.

இன்னொன்று வாகனப் பதிவு. மத்திய அரசின் வாகன் தளத்தில் எந்த ஆர்டிஓ அலுவலகத்தில் எந்தக் கம்பெனி வண்டி எத்தனை பதிவானது என்று இலவசமாகப் பார்க்கலாம். கம்பெனிகள் மாதம் பிறந்ததும் சொல்வது டீலருக்கு அனுப்பிய எண்ணிக்கை. வாகன் காட்டுவது வாடிக்கையாளர் பெயரில் பதிவானது. அனுப்பியது ஏறி, பதிவு ஏறாமல் இருந்தால் வண்டி டீலர் குடோனில் நிற்கிறது என்று அர்த்தம். இதைப் பல பேர் பார்க்கிறார்கள்தான். ஆனால் பார்ப்பதற்கும் புரிந்துகொள்வதற்கும் நடுவே தூரம் இருக்கிறது. என் சந்தாச் சேவையிலேயே மாவட்ட வாங்கும் சக்தி என்று ஒரு பட்டியல் இருந்தது. லாரிப் பதிவு அதிகம் என்பதால் சங்ககிரி வட்டாரத்தை வளமான சந்தையாகக் காட்டினார்கள். சங்ககிரியும் நாமக்கல்லும் திருச்செங்கோடும் லாரிக்கும் ரிக் வண்டிக்கும் பேர்போன இடங்கள். டிஎன் 52 போட்ட லாரி குஜராத்திலும் அசாமிலும் ஓடும். அந்தப் பதிவு சங்ககிரி மக்களின் வாங்கும் சக்தியைச் சொல்லாது, இந்தியாவின் சரக்குப் போக்குவரத்தைச் சொல்லும். நான் அதை அந்த அர்த்தத்தில்தான் பயன்படுத்துகிறேன். அதிலும் கவனம் வேண்டும். லாரியை வெறும் சேசிஸாக வாங்கித் தற்காலிகப் பதிவில் பாடி கட்டக் கொண்டுபோவார்கள், கட்டி முடிந்த பிறகுதான் நிரந்தரப் பதிவு. விற்பனை இந்த மாதம், வாகனில் தெரிவது அடுத்த மாதமோ அதற்கடுத்ததோ. பைக்குக்கு அந்தத் தாமதம் சில நாள்தான். தெலங்கானா பதிவுகள் வெகுகாலம் வாகனில் வரவில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

வாகனிலும் பழைய நாளின் எண் பிறகு கூடும். ஆனால் அதை யாரும் மறைப்பதில்லை, பதிவு தாமதமாக ஏறுகிறது, அவ்வளவுதான். நான் தினமும் இரவு பதினொரு மணிக்கு அன்றைய எண்ணைத் தேதியோடு சேமிக்கும்படி சின்ன நிரல் ஒன்று எழுதிவைத்திருக்கிறேன். பதினான்கு மாதமாக ஓடுகிறது. அந்தக் கோப்பு உலகத்தில் வேறு சிலரிடமும் இருக்கலாம். காசு கொடுத்தாலும் இன்றைக்கு அதன் பழைய பகுதியை யாரும் புதிதாக உருவாக்க முடியாது. தனித்துவமான தரவு வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு என்னால் கொடுக்க முடிகிற சிறந்த பதில் இதுதான்: பொதுவில் கிடைப்பதை இன்று முதல் தினமும் எடுத்துவையுங்கள்.

நல்ல தரவு கிடைத்தும் பயன்படாமல் போனவையும் உண்டு. மேட்டூர் அணை நீர்மட்டம் தினமும் வெளியாகிறது, முழு அளவு 120 அடி, 93.47 டிஎம்சி. ஜூன் 12 திறக்கிறார்களா, 2024 போல ஜூலை கடைசிக்குத் தள்ளிப்போகிறதா என்பதை வைத்து டெல்டாவில் டிராக்டர் விற்பனையை ஊகிக்கலாம் என்று கிளம்பினேன். நம் பக்கம் டிராக்டர் என்றால் முதலில் வரும் பெயர் டாஃபே. அது பங்குச்சந்தையிலேயே இல்லை. மரவள்ளியும் ஜவ்வரிசியும் அப்படித்தான். ஜவ்வரிசி உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வின் ஏல விலையைப் பார்த்து ஆத்தூர் பக்கம் என்ன நடக்கிறது என்று என்னால் சொல்ல முடியும். ஆனால் பட்டியலில் இருக்கும் ஸ்டார்ச் நிறுவனங்கள் பெரும்பாலும் மக்காச்சோளத்தை நம்பியவை. எந்தப் பங்கை வாங்குவது?

ஒரு எச்சரிக்கையைத் தவிர்க்க முடியாது. 'தனித்துவமான தரவு' தேடுகிறேன் என்று தெரிந்ததும், ஒரு ஆலையில் வேலை பார்க்கும் தெரிந்தவர், மாதாந்திர டெஸ்பாட்ச் கணக்கைத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று அன்றே சொல்லிவிட்டேன். வெளியிடப்படாத, விலையைப் பாதிக்கும் தகவலை வைத்து வாங்கி விற்பது, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி குற்றம். தரவு விற்கிறவர்களும் இதில் விலக்கல்ல. அமெரிக்காவில் 2021 செப்டம்பரில், செயலி நிறுவனங்களின் ரகசியத் தரவைத் தவறாகப் பயன்படுத்தி விற்றதற்காக ஆப் ஆனி நிறுவனம் ஒரு கோடி டாலர் அபராதம் கட்டியது. என் சேவையிடம், போன் இருப்பிடத்துக்கு அந்த மனிதர்களின் சம்மதம் எப்படிப் பெறப்பட்டது என்று இரண்டு முறை கேட்டேன். மற்ற கேள்விகளுக்கு இரண்டு நாளில் பதில் தந்தவர்கள் இதற்கு மட்டும் தரவில்லை. அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருந்த அறுபது பேரில் நானும் ஒருநாள் இருந்திருப்பேன்.

இனி யார் வாங்கலாம் என்பதற்கு வருகிறேன். என் முதலீட்டுத் தொகை 24 லட்சம். 96,000 என்றால் அதில் 4 சதவீதம். குறுகிய கால லாபத்துக்கு வரி 20 சதவீதம் போக, சந்தையைவிட ஐந்து சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தால்தான் சந்தாக் காசே திரும்பும். நூறு கோடி நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு அதே தொகை தூசி. அவர்களிடம் கோப்பைச் சரிபார்க்கத் தனி ஆட்களும் இருப்பார்கள். தனியாளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன். அந்த இரண்டும் ஐஎஸ்ஐஎன் பொருத்தத்துக்கும் நேரம் தவறாமைக்கும்.

சந்தா டிசம்பர் 31இல் முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லி விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு தம்பி அழைத்தார், பேச்சில் நல்ல பையன். அன்றன்றைக்குக் கொடுத்த எண்ணைத் திருத்தாமல் தனிப் பத்தியாகத் தந்தால் பாதி தொகுப்புக்காவது பணம் கட்டுகிறேன் என்று சொன்னேன். டெக்னிக்கல் டீமிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். இதற்கிடையே புது வருடக் காலண்டர்கள் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்துவிட்டன. நேற்று இரண்டு வாங்கினேன், ஒன்று மாட்ட, ஒன்று குறிக்க. 2026இல் மே 17 முதல் ஜூன் 15 வரை வடக்கே அதிக மாதம். ஏப்ரல்-ஜூன் காலாண்டின் வடக்கு எண்ணிக்கையைப் பென்சிலில் எழுதிவிட்டேன், தமிழ்நாட்டுப் பத்தியை இனிமேல்தான் எண்ண வேண்டும்.